இடமிருந்தும் இடமில்லை என்ற சேர்வர்

கல்முனையில் ஒரு நிறுவனத்தின் சேர்வர்களை நான்தான் பார்க்கிறேன். ஏதாவது ஒரு சேர்விஸ் எழும்பாவிட்டால், "கரண்ட் போய் வந்ததுதான் காரணம்" என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடிக்கொண்டிருக்கும்வரை மறைந்திருந்த கோளாறு, திரும்பத் தொடங்கும்போதுதான் வெளியே வரும்.

அன்று கரண்ட் போய் வந்தபின் எழும்பாதது, தரவுத்தளத்தை நடத்தும் மைஎஸ்கியூஎல். ஸ்டேட்டஸ் கேட்டால் 'மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் தொடங்கப்பட்டது' என்கிறது. அதை வைத்துக் காரணம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. 10 விநாடிக்குள் 5 தடவை முயன்றும் சரிவராததால், சேர்விஸ்களைத் தொடக்கி வைக்கும் சிஸ்டம்டி கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான். ஸ்டேட்டஸ் காட்டுவதும் கடைசி 10 வரிகளை மட்டுமே. முதல் தடவை ஏன் விழுந்தது என்பது மைஎஸ்கியூஎல்லின் சொந்த எரர் லொக்கில், மேலே இருந்தது: தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை, எரர் 28. அதாவது டிஸ்க்கில் இடமில்லை.

ஆனால் டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி!

அப்போது முன் மேசையில் இருக்கும் தங்கச்சி சொன்னார்: "சேர், நேத்துப் பின்னேரமே லொகின் ஆகல்ல. கரண்ட் போக முந்தியே." அந்த ஒரு தகவல் கரண்ட் கதையை முடித்து வைத்தது. டிஸ்க் நிலவரம் காட்டும் டிஎஃப் கட்டளையை ஐநோட் கணக்கோடு ஓட்டிப் பார்த்தேன். ஐநோட் என்பது ஒவ்வொரு கோப்புக்கும் வேண்டிய ஒரு விவரப் பதிவு. 100 விழுக்காடும் தீர்ந்திருந்தது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் எத்தனை ஐநோட் என்பது ஃபோர்மட் செய்யும்போதே தீர்மானமாகிவிடும். வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று. அது தீர்ந்தால், எவ்வளவு இடம் இருந்தாலும் புதிதாக ஒரு கோப்புக்கூட உருவாகாது.

தின்றது யார்? பிஎச்பி செஷன் கோப்புகள், அதாவது பக்கத்தைத் திறப்பவரை நினைவில் வைக்க எழுதப்படும் சிறு கோப்புகள். சேர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கொரு தடவை நிறுவன மென்பொருளின் லொகின் பக்கத்தைத் திறந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய செஷன். ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல். சேர்வரின் இயங்குதளமான உபுண்டு பழைய செஷன்களைத் தானே துப்புரவாக்கும்தான், ஆனால் இந்த மென்பொருள் அவற்றைத் தன் சொந்த ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தது. அந்தப் பக்கம் துப்புரவு போகவேயில்லை.

கோப்புகளை அழிக்கும் வெறும் ஆர்எம் கட்டளை, பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிட்டது. கோப்புகளைத் தேடிப் பிடிக்கும் ஃபைன்ட் கட்டளை மூலம் பழையவற்றை அழித்ததும் சேர்விஸ் எழும்பியது. அதோடு விட்டிருந்தால் மறுபடியும் நிரம்பியிருக்கும். இப்போது அந்த ஃபோல்டருக்கும் துப்புரவு உண்டு. ஸ்கிரிப்ட் செஷன் தொடங்காத ஒரு பக்கத்தைத்தான் திறக்கிறது. ஐநோட் அளவையும் சேர்த்துப் பார்க்கிறது.