யூத மாணவர் கிளப்புக்குக் கையெழுத்துப் போட்டேன்

நியூ ஜெர்சியில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி படிவத்தோடு வந்தாள். யூதப் பண்பாட்டு கிளப் தொடங்க வேண்டும், நான் அட்வைசராக இருக்க வேண்டும். மதிய இடைவேளையில் என் வகுப்பறை காலியாக இருக்கும், அதுதான் என் தகுதி!

படிவத்தில் பெரிதாக ஒன்றுமில்லை: நோக்கம், கூடும் நாள், பொறுப்பாளர்கள். இழுத்தடித்தது நிர்வாகம்தான். “அரசுப் பள்ளியில் மதக் கிளப்பா?” என்று தயங்கினார்கள். அந்தப் பெண் சட்டத்தையே அச்செடுத்து வந்துவிட்டாள். 1984இல் வந்த ஈக்வல் ஆக்சஸ் ஆக்ட். மத்திய அரசுப் பணம் வாங்கும் உயர்நிலைப் பள்ளி, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரேயொரு மாணவர் கிளப்பை அனுமதித்தால் போதும். மதம், அரசியல் என்று காரணம் காட்டி இன்னொன்றை மறுக்க முடியாது. நெப்ராஸ்காவில் கிறிஸ்தவ கிளப் கேட்ட மாணவி தொடுத்த மெர்ஜென்ஸ் வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்றது. பாடத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று அந்தப் பள்ளிக்கு எதிராக நின்ற கிளப்புகளில் செஸ் கிளப்பும் ஒன்று. எங்களிடமும் செஸ் கிளப் இருக்கிறது. அனுமதி வந்துவிட்டது.

நிபந்தனைகள் உண்டு. மதம் சார்ந்த கூட்டமென்றால் ஆசிரியர் இருக்கலாம், கலந்துகொள்ளக் கூடாது. வெளியாள் நடத்தவோ தவறாமல் வரவோ கூடாது. உள்ளூர் ரப்பி (யூத மதகுரு) வாராவாரம் வர ஆசைப்பட்டார். எப்போதாவது விருந்தினராக வாருங்கள் என்று பிள்ளைகளே பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள். நான் மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். வாயை மூடிக்கொண்டிருப்பது டீச்சருக்கு லேசான வேலையா என்ன!

யூதர்களின் ஹனுக்கா பண்டிகை சமயத்தில் சுஃப்கானியோத் வந்தது. எண்ணெயில் பொரித்து ஜாம் அடைத்த பன். பெட்டியில் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படியானது என்ற முத்திரையைத் தேடக் கற்றுக்கொண்டேன்: வட்டத்துக்குள் ‘யு’, பக்கத்தில் ‘டி’ இருந்தால் பால் வகை. ‘பரேவ்’ என்றால் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை. ஆனால் முட்டை, மீன் இருக்கலாம். நம் சைவக்காரர்கள் அதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

யூதரல்லாத பிள்ளைகளும் வருகிறார்கள், பாதிப் பேர் பன்னுக்காக. தமிழ் கிளப் தொடங்கலாமா என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். தாராளமாக, அதே சட்டம்தான். ஆனால் படிவத்தோடு வர வேண்டியது உங்கள் பிள்ளை, நீங்கள் அல்ல.