பக்கம் மாறினால் குறி மாறுமாம்

எங்கள் கடற்கரை ஊரான வேதாளையில் எட்டாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிச் சமன்பாட்டை எப்படித் தீர்ப்பது என்று கேட்டாலும் ஒரு வரி சொல்லும்: "அந்தப் பக்கம் போனா குறி மாறும்." சமக்குறியைத் தாண்டி எண்ணைக் கொண்டுபோனால் கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும் என்று அர்த்தம். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு டியூஷன் வருகிற எல்லோரும் இந்த மந்திரத்தோடுதான் வருகிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே ஆகாது.

புத்தகத்தில் எக்ஸ் என்று இருப்பதை நான் 'அ' என்று எழுதுவேன். எந்த எழுத்தானாலும் கணக்கு ஒன்றுதான். 1150-இல் 'பீஜகணிதம்' என்ற நூலை எழுதிய பாஸ்கரர், தெரியாத எண்களுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறப் பெயர்களை வைத்தவர்.

3அ = 12 என்று போட்டால் சிலர் 3-ஐ அந்தப் பக்கம் தூக்கிப்போய் 12 − 3, விடை 9 என்பார்கள். கொஞ்சம் விவரமான பிள்ளைக்கு வகுக்க வேண்டும் என்பது நினைவிருக்கும். ஆனால் குறியும் மாறணுமே! 12-ஐ −3-ஆல் வகுத்து −4 என்று வந்து நிற்கும். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறது.

எந்த எண்ணும் எங்கேயும் போவதில்லை. சமக்குறியின் இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு பக்கம் எதைச் செய்தாலும் மறுபக்கமும் அதையே செய்தால் சமம் கெடாது, அவ்வளவுதான். 3அ + 5 = 26 என்றால் இரண்டு பக்கமும் 5-ஐக் கழி, 3அ = 21. இரண்டு பக்கமும் 3-ஆல் வகு, அ = 7. இதை விளக்கத் தராசைக் காட்டுங்கள் என்பார்கள். எங்கள் கரையில் இப்போது எலக்ட்ரானிக் தராசுதான், ஒரே தட்டு. இரண்டு தட்டுத் தராசைப் பாதிப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

820 வாக்கில் பாக்தாதில் இருந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மியும் இப்படித்தான் செய்தார். ஒரு பக்கம் கழிபட்டு நிற்பதை இரண்டு பக்கமும் கூட்டிச் சரிசெய்வது, இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பதை எடுத்துவிடுவது, இந்த இரண்டும்தான் அவர் வழி. எக்ஸும் இல்லை, சமக்குறியும் இல்லை, முழுக்க வாக்கியம்தான். சமக்குறி 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் போட்டது. அல் குவாரிஸ்மி நூலில் ஏறக்குறைய பாதி வாரிசுகளுக்குச் சொத்துப் பங்கு பிரிக்கிற கணக்கு என்றதும் திண்ணையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பங்குச் சண்டை பார்க்காத வீடு ஏது?

சரி, இரண்டு பக்கமும் 'அ' வந்தால்தான் பிள்ளைகள் மிரள்வார்கள். அதற்கு நண்டுக் கணக்கு வைத்திருக்கிறேன். கரையில் வியாபாரி கிலோவுக்கு 440 ரூபாய் தருகிறார். பக்கத்து ஊரான மண்டபத்தில் 480, ஆனால் அங்கே கொண்டுபோக ஆட்டோவுக்கு 200 ரூபாய் போய்விடும். எத்தனை கிலோ இருந்தால் இரண்டும் ஒன்று? (விலை கணக்குக்காக வைத்தது. நண்டு விலை நாளுக்கு ஒன்று.)

480அ − 200 = 440அ

இரண்டு பக்கமும் 440அ-வை எடு: 40அ − 200 = 0. இரண்டு பக்கமும் 200 கூட்டு: 40அ = 200. அ = 5. விடை வந்ததும் எழுந்து ஓடக் கூடாது, திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். 5 கிலோவுக்கு மண்டபத்தில் 2,400, ஆட்டோ போக 2,200. கரையிலும் 2,200. இந்தச் சரிபார்ப்பை மட்டும் பழக்கிவிட்டால் −4 எழுதிய பிள்ளை தானே அழித்து எழுதும்.

"லாத்தா, ஆட்டோ எதுக்கு? வாப்பா பைக்லதானே போறாங்க" என்றாள் நண்டு வலைக்காரர் மகள். பெட்ரோல் 60 ரூபாய் என்று அவளே வைத்துக்கொண்டாள். 40அ = 60, ஒன்றரைக் கிலோ. அதற்கு மேல் இருந்தால் மண்டபம்தான் லாபம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் இருந்த பையன் விடவில்லை. "அங்க காத்துக்கிடக்கிற நேரத்துக்குக் காசு போடலையே?"

போடலாம், அதற்கு இன்னொரு எழுத்து வேண்டும். ஒரே சமன்பாட்டில் தெரியாதது இரண்டு இருந்தால் விடை ஒன்றோடு நிற்காது. அது ஒன்பதாம் வகுப்பில் வரும் என்று சொல்லி அனுப்பி வைத்தேன்.