41 பல்லும் ஒரு வீண் அலைச்சலும்

ஈப்போவுக்கு இரண்டு தடவை போய் வந்த டீசல் காசும், கெட்டுப்போன ஒரு சனிக்கிழமையும் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பெரிய டயர் போட்டுவிட்டு டிஃப், அதாவது அக்சில் நடுவில் சக்கரங்களைச் சுற்றும் கியர் பெட்டி, மாற்றலாமா வேண்டாமா என்று யாராவது தலையைச் சொறிந்துகொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள்.

வண்டி பழைய ஹைலக்ஸ். டர்போ இல்லாத 2.8 டீசல், மேனுவல் கியர், முன்னாலும் பின்னாலும் கட்டை அக்சில், இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டு இணைக்கிற வகை. நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பா. மாமனாரின் டுரியான் தோட்டம் மேட்டில் இருக்கிறது, உரமூட்டை ஏற்றுவது என் தலையில். மழை பெய்தால் அந்தச் செம்மண் பாதையில் 31 அங்குல டயர் வழுக்கிக்கொண்டே நிற்கும். அதனால் 33 அங்குல மட் டயர் நாலு வாங்கினேன். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், மட்கார்டு வெட்டு எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. டயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போலீஸ் சமன் (அபராதம்) வரும் என்று, மட்கார்டை அகலமாக்கும் ஃபிளேரும் சேர்த்துப் போட்டாயிற்று.

சேற்றில் வண்டி யானை மாதிரி போனது. தலைவலி தார் ரோட்டில்தான் தொடங்கியது. கேமரன் மலைப் பாதையில் லாத்தா இஸ்கண்டார் அருவி தாண்டியதும் முன்பு மூன்றாம் கியரில் முனகிக்கொண்டாவது ஏறும் வண்டி, இப்போது இரண்டாவதில் இழுத்தது. பின்னால் காய்கறி லோரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், நான் ஓரம் கட்டுகிறேன். மேட்டில் நிறுத்தி எடுத்தால் கிளட்ச் கருகிய வாடை. "என்னாங்க, அடுப்புல எதையோ தீய விட்ட மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. இறக்கத்தில் இன்னும் மோசம். கியரில் விட்டால் எஞ்சின் பிடிக்கும் அல்லவா, அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. பிரேக்கை மிதித்தே ரிங்லெட்டிலிருந்து இறங்கினேன்.

ஐந்தாம் கியரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நெடுஞ்சாலையில் அது வெறும் அலங்காரம்.

ஒட்டுக்கடையில் விசாரித்தால் ஆளுக்கொரு தீர்ப்பு. "31லேருந்து 33க்கு ரெண்டு இன்ச்சுதானே, அதுக்குப் போய் டிஃப்பைத் தொறப்பாங்களா?" என்றார் ஒருவர். "பின்னால மட்டும் மாத்துங்க, முன்னால எப்பவாவதுதானே வேலை செய்யுது" என்றார் இன்னொருவர். இந்த இரண்டாவது யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். முன்னும் பின்னும் வேறு வேறு கணக்கில் இருந்து, ஃபோர் வீல் போட்டுப் பிடிமானமுள்ள தரையில் ஓட்டினால் இரண்டு அக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் பலியாகும்.

முதல் யோசனை எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. 31க்கும் 33க்கும் வித்தியாசம் ஆறு ஏழு விழுக்காடுதான். அதற்கு இவ்வளவு பாடா என்று குழம்பினேன். விடை வண்டிக்கு அடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேர் டயர். எனக்கு முந்தின ஆள் 31 போட்டபோது ஸ்பேரை மாற்றாமல் விட்டிருக்கிறான். கம்பெனி கொடுத்த, 16 அங்குல ரிம்மில் போடும் ஒல்லி டயர், துருப்பிடித்த சங்கிலியில் அப்படியே கிடந்தது. இறக்கி, சுவரில் சாய்த்து டேப் வைத்தேன். 74 சென்டிமீட்டர். கழற்றிப் போட்ட தேய்ந்த 31ஐ அளந்தால் 77. புதுசில் 33 என்று எழுதியிருக்கிறதே தவிர, காற்றடித்து அளந்தால் 82தான், அதாவது 32 அங்குலமும் கொஞ்சமும்.

கம்பெனி கியர் போட்டது 74க்கு. நான் 77லிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 82ஐ 74ஆல் வகுத்தால் 1.108, கிட்டத்தட்ட 11 விழுக்காடு. முந்தின ஆள் தின்றது கொஞ்சம், நான் தின்றது மீதி.

டீசல் கணக்கிலும் இதே ஓட்டை. ஒரு டேங்கு 500 கிலோமீட்டர் ஓடின வண்டி 430க்கு இறங்கிவிட்டது என்று நொந்துகொண்டிருந்தேன். மீட்டர் சுற்றுவது 74 டயருக்கு. நிஜமாக ஓடியது 475ஐ ஒட்டி. 31 டயரோடு ஓடிய அந்த 500ம் நிஜத்தில் 520. நட்டம் இருக்கிறது, நான் புலம்பின அளவுக்கு இல்லை. வேக விஷயம்தான் ஆபத்து. மீட்டரில் 100 காட்டும்போது வண்டி 110ஐத் தாண்டி ஓடுகிறது, கேமராவுக்கு நம் மீட்டரின் கதை தெரியாது.

டவுனில் பட்டறை வைத்திருக்கும் போர்மேன் அண்ணனிடம் இந்தக் கணக்கு எழுதின பேப்பரை நீட்டினேன். பார்த்துவிட்டு முதலில் கேட்டார், "லோ போட்டா எப்படி?" ஃபோர் வீலில் மெதுவாக, பலமாக இழுக்கிற லோ ரேஞ்சில் ஒரு குறையும் இல்லை என்றேன். "அப்ப காட்டுக்கு இது வேணாம். மேட்டுல லோட் ஏத்துறியே, அதுக்குத்தான் வேணும். டவுன்லயே சுத்துறவனா இருந்தா காச வீட்ல வச்சிக்கனு சொல்லியிருப்பேன்." என் குழப்பம் அங்கேயே பாதி தீர்ந்தது.

என் வண்டியில் இருப்பது 4.1, அதாவது டிஃப்புக்குள் பினியன் என்கிற சின்ன கியர் 4.1 சுற்று சுற்றினால்தான் கிரவுன் என்கிற பெரிய கியரும் சக்கரமும் ஒரு சுற்று வரும். அதை 1.108ஆல் பெருக்கினால் 4.54. டொயோட்டாவிலேயே 4.556 உண்டு, அளவெடுத்துத் தைத்த மாதிரி. 4.88 போடச் சொல்பவர்களும் உண்டு. 35 டயர் போடும் எண்ணம் இல்லையென்றால் எதற்கு? நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்திச் சாகும். புது கிரவுன், பினியன் வாங்கினால் இடைவெளி பார்த்து ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துக் கட்ட நல்ல கை வேண்டும், கூலியும் ஏறும். பழைய வண்டிகளை வெட்டிச் சாமான் விற்கிற ஹாஃப் கட் கடையில் முழு டிஃப்பாகக் கிடைத்தால் கம்பெனி கட்டின செட்டிங்கோடு அப்படியே தூக்கி மாட்டலாம். கட்டை அக்சில் ஆனதால் முன்னாலும் இதே வசதி. முன்பக்கம் தனி சஸ்பென்ஷன் வந்த புது மாடல்காரர்களுக்கு இந்தச் சுகம் கிடையாது, முன் டிஃப் வேலை பெரிசு.

சனிக்கிழமை, பசியாறக்கூட இல்லை, ஈப்போ. கடையில் எண்ணெய் கசடோடு டிஃப்கள் வரிசையாகக் கிடந்தன, மேலே சாக்பீஸில் எண். "4.5" என்று எழுதியிருந்த இரண்டைக் காட்டினான் கவுண்டர் பையன். நிச்சயமா என்று கேட்டேன். கிரவுன் பல்லை எண்ணிக் காட்டினான். 41. "அம்பாட் புள்ளி லீமா லா பாஸ், செமுவா சமா." நாலு புள்ளி ஐந்துதான், எல்லாம் ஒன்றுதானாம். எனக்கும் 4.556 என்றால் 41 பல் என்று நினைவு. இரண்டும் சேர்த்து 1,500 வெள்ளி (ரிங்கிட்) எண்ணிக் கொடுத்தேன்.

பட்டறையில் இறக்கியதும் அண்ணன் மாட்டவில்லை. கிரவுனில் ஒரு சாக்பீஸ் கோடு, பினியன் முகப்பில் ஒரு கோடு. முகப்பைக் கையால் திருப்பிக்கொண்டே எண்ணினார். கிரவுன் ஒரு முழுச் சுற்று வரும்போது பினியன் நாலரைச் சுற்றைக் கொஞ்சம் தாண்டியது. சரி. அடுத்ததைத் திருப்பினார். நாலு சுற்று, மேலே ஒரு கொசுறு. கோடு வந்து நின்றுவிட்டது. மறுபடி திருப்பினார். அதே கொசுறு.

"தம்பி, இது உன் வண்டில இருக்கிற அதே 4.1. இதுக்கா காசு குடுத்து வாங்கிட்டு வந்தே?"

4.1க்கும் கிரவுன் பல் 41தான், பினியனில் 10. 4.556க்கும் கிரவுன் 41, பினியனில் 9. கிரவுனை மட்டும் எண்ணினால் சாமியே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கவனிக்காமல் மாட்டியிருந்தால் ஒரு பக்கம் 4.1, மறுபக்கம் 4.556, முதல் தடவை ஃபோர் வீல் போட்டு நல்ல தரையில் ஓட்டும்போதே கதை கந்தலாகியிருக்கும்.

திங்கட்கிழமை திரும்பவும் ஈப்போ. பையன் பில்லின் அடியைத் தொட்டுக் காட்டினான். "பாராங் யாங் டிஜுவால் தீடாக் போலே டிதுகார்." விற்ற சாமான் மாற்றித் தர முடியாதாம். நான் கத்தவில்லை. சாக்பீஸைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அங்கேயே தரையில் குந்தி, கோடு போட்டு, சத்தமாக எண்ணித் திருப்பினேன். வேறு இரண்டு வாடிக்கைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள், அதில் ஒருவர் கையில் "4.5" எழுதின டிஃப். உள்ளேயிருந்து தவுக்கே, கடை முதலாளி, எழுந்து வந்தார். பேச்சு முடிந்து, சும்மா மாற்றித் தந்தார் என்று நினைக்காதீர்கள், மேலே 50 வெள்ளி. ஆனால் அடுக்கில் இருந்த நாலு டிஃப்பையும் நானே திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தேன். அதிலும் ஒன்று 4.1.

மாட்டுவது ஒரு நாள் வேலை. புது எண்ணெய் ஊற்றி, 500 கிலோமீட்டர் ஓடியதும் திறந்து பார்த்தோம். காந்த போல்ட்டில் சாம்பல் மாதிரிப் பொடிதான், சில்லு எதுவும் இல்லை.

இருபது உரமூட்டை, ஒரு டன், அதே வளைவு. மூன்றாம் கியரில் ஏறியது, முனகல் உண்டு, ஆனால் ஏறியது. இந்த வண்டியில் மீட்டர் கேபிள் டிஃப்புக்கு முன்னாலேயே சுழல்வதால் அதுவும் தானாகச் சரியாகிவிட்டது, கைப்பேசி 90 காட்டினால் மீட்டரும் 90ஐ ஒட்டியே நிற்கிறது. பிரேக் மட்டும் பழையபடிதான். பெரிய சக்கரத்தை நிறுத்தும் வேலையை டிஃப் செய்யாது, அதற்குத் தனியாகச் செலவு காத்திருக்கிறது.

இன்னொரு செலவும் உண்டு. அந்த 74 சென்டிமீட்டர் ஸ்பேரை இனி எந்தச் சக்கரத்திலும் மாட்டி ஃபோர் வீல் போட முடியாது. ஐந்தாவதாக ஒரு 33 வாங்க வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.