ஏபிஎஸ் விளக்கும் 480 ரூபாய் டாங்கிளும்

தொப்பூர் கணவாயில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில்தான் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தெரியும், அந்த இறக்கத்தில் முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி என்று இறங்கும்போது பிரேக் சம்பந்தமான எந்த விளக்கும் எரியக் கூடாது. ஏபிஎஸ் விளக்கு. பிரேக் பிடிக்கத்தான் செய்தது. ஆனால் ஈர ரோட்டில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு வேலை செய்யாது என்று அர்த்தம். கியரைக் குறைத்து, இடது ஓரமாக உருட்டிக்கொண்டே இறங்கினேன். பக்கத்தில் இருந்த மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே பயத்தைக் கூட்டியது.

வண்டி 2016 ஃபோர்டு ஆஸ்பயர் டீசல். 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததிலிருந்து, எந்த விளக்கு எரிந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வயிற்றைக் கலக்கும். மறுநாள் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். "ரெண்டு நாள் ஓட்டுங்க சார், தானா போயிரும்" என்றார். போகவில்லை. அப்புறம் வண்டிக்குள் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருந்த ஓர் இடத்துக்குப் போனேன். செருகிப் பார்த்துவிட்டு, ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும், 32 ஆயிரம் ஆகும் என்றார்கள். "என்ன கோட் வந்துச்சு?" என்று, வண்டி பதிந்து வைத்திருக்கும் பழுது எண்ணைக் கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்று பதில் வந்தது. ஸ்கேன் செய்ததற்கு 800 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். நானே ஒரு ஸ்கேனர் வாங்கிப் பார்த்துவிடுவது என்று அன்று இரவே முடிவெடுத்தேன். பாதி ஆர்வம், பாதி ரோஷம்.

முதலில் வாங்கியது எல்லோரும் வாங்குவதுதான், 480 ரூபாய்க்கு நீல நிற புளூடூத் டாங்கிள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு இலவச ஆப் போட்டு இணைத்தேன். இன்ஜின் ஆர்பிஎம், கூலன்ட் சூடு, பேட்டரி வோல்டேஜ் எல்லாம் அழகாக ஓடியது. கோட் இருக்கிறதா என்று அழுத்தினேன். "எந்தப் பழுதும் இல்லை" என்றது ஆப். அதற்கு நேர் மேலே மஞ்சள் விளக்கு என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

டாங்கிள் பொய் சொல்லவில்லை என்பது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. ஓபிடி-2 என்பது, பழுதை வண்டியே கண்டுபிடித்து அந்தச் சாக்கெட் வழியாகச் சொல்ல வேண்டும் என்று, புகையைக் கட்டுப்படுத்த வந்த விதி. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம். இங்கே 2013 ஏப்ரலில் வந்தது. புகையோடு சம்பந்தப்பட்டதை மட்டும் எல்லாக் கம்பெனிக் கார்களும் ஒரே பொது மொழியில் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதனால் இன்ஜின், அதன் சென்சார்கள், புகை சுத்திகரிப்பு இவற்றை 480 ரூபாய் டாங்கிளும் படித்துவிடும். ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டியரிங், கதவு லாக் இதெல்லாம் அந்தப் பொது மொழிக்கு வெளியே. அங்கே ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த பாஷையில் பேசுகிறது. கேட்கிற ஆளுக்கு அந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டும்.

பொதுக் கருவி மட்டம் என்று சொல்ல வரவில்லை. அதே வாரத்தில் மச்சான் பாலக்கோட்டிலிருந்து வந்திருந்தார். அவருடைய பெட்ரோல் கார் மிஸ்ஸிங் அடித்தது, இன்ஜின் விளக்கும் மின்னியது. இந்த டாங்கிளைச் செருகினோம். பி0302 வந்தது. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே எரிபொருள் சரியாக எரியவில்லை. பி-யை அடுத்து 0 வந்தால் அநேகமாக எல்லா வண்டிக்கும் பொதுவான கோட். 1 வந்தால் கம்பெனியின் சொந்தக் கோட். இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் (ப்ளக்குக்கு மின்பொறி கொடுப்பது) மூன்றாவதின் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு, பென்னாகரம் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தோம். இப்போது பி0303. கோட் காயிலோடு கூடவே நகர்ந்துவிட்டது. ஆக ப்ளக்கோ இன்ஜெக்டரோ இல்லை, காயில்தான். புது காயில் வாங்கிப் போட்டார், வேலை முடிந்தது. அவர் வண்டிக்கு வேறு எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது.

என் வண்டிக்கு அந்தப் பேச்சே எடுபடவில்லை. தேடியதில் ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன் என்று ஒரு மென்பொருள் இருப்பது தெரிந்தது. ஃபோர்டு கம்பெனி செய்ததல்ல, வெளியாட்கள் செய்தது; ஆனால் ஃபோர்டின் பாஷை தெரிந்தது. விண்டோஸ் கணினியில் கோட் படிக்கவும் அழிக்கவும் காசு கேட்பதில்லை. மகள் கல்லூரியில் பயன்படுத்திய பழைய லேப்டாப் பீரோ மேல் தூங்கிக்கொண்டிருந்தது. எடுத்துத் தூசி தட்டினேன்.

இங்கேதான் டாங்கிள் காலை வாரியது. ஃபோர்ஸ்கேனோடு இணைந்தது, பாதியில் அறுந்தது, மறுபடி இணைந்தது, இல்லாத மாட்யூலை (வண்டியின் ஒவ்வொரு பகுதியையும் இயக்கும் குட்டிக் கணினி) காட்டியது. டாங்கிளின் அட்டைப் பெட்டியில் இஎல்எம்327 பதிப்பு 1.5 என்று உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் போட்டிருந்தது. அந்தச் சிப்பை உருவாக்கிய கனடா நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிடவே இல்லையாம்! சந்தையில் 1.5, 2.1 என்று கிடைப்பதில் பெரும்பாலும் நகல்தான். இன்ஜின் கோட் படிக்க நகல் போதும். கம்பெனி பாஷையில் நீளமான பேச்சு என்றால் பல நகல்கள் திணறிவிடும். ஃபோர்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்ஜின், ஏபிஎஸ் பேசுகிற லைன் 6, 14-ஆம் பின்களில் வரும். பல ஃபோர்டு வண்டிகளில் ஏசி, உள் விளக்கு மாதிரியானவை 3, 11-ஆம் பின்களில் வருகிற வேறொரு லைனில் பேசும். சாதாரண டாங்கிளில் அந்த இரண்டு பின்களும் எங்கேயும் இணைக்கப்பட்டிருக்காது. கடைசியில் இரண்டு லைனையும் தானாக மாற்றிக்கொள்ளும் ஒரு யுஎஸ்பி அடாப்டரை, சில ஆயிரம் கொடுத்து வரவழைத்தேன். வீட்டில் விலையைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.

முதல் ஸ்கேனில் ஒன்பது கோட்கள்! பதறிவிட்டேன். முக்கால்வாசி யு-வில் தொடங்கும் கோட்கள், ஒரு மாட்யூலோடு இன்னொன்று பேசவில்லை என்று சொல்பவை. ஆறு மாதம் முன்பு பேட்டரி செத்துப்போய் தள்ளி ஸ்டார்ட் செய்த ஞாபகம் வந்தது. வோல்டேஜ் விழுந்தால் இப்படிப் புலம்பல் கோட்கள் சேரும். எல்லாவற்றையும் சேமித்து வைத்துக்கொண்டு, அழித்துவிட்டு, ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டி மறுபடி படித்தேன். ஒன்றே ஒன்று மிஞ்சியது. சி0031, இடது முன் சக்கர வேக சென்சார்.

இதை வைத்து உடனே சென்சார் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோட் சொல்வது அந்தச் சென்சார் பக்கம் ஏதோ கோளாறு என்பதை மட்டும்தான். சென்சாரா, ஒயரா, கப்ளரா என்று அது சொல்லாது. ஃபோர்ஸ்கேனில் நான்கு சக்கர வேகத்தையும் ஒரே திரையில் வரைபடக் கோடாக ஓட விடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ரோடு காலியாக இருந்தபோது மனைவி மடியில் லேப்டாப், நான் 20 கிலோமீட்டர் வேகத்தில்.

"ஏங்க, நாலு கோடும் ஒண்ணாத்தான் போகுது" என்றாள். இடது பக்கம் திருப்பினேன். "ஐயோ, ஒண்ணு மட்டும் கீழ விழுந்துடுச்சு. முட்டை காட்டுது." நேராக்கினேன். மூன்றோடு சேர்ந்துகொண்டது. வலது பக்கம் திருப்பினால் ஒன்றுமில்லை. மறுபடி இடது, மறுபடி முட்டை. திரும்பும்போது மட்டும் அறுகிறது என்றால் சென்சார் இல்லை, ஒயர்தான் என்று அப்போதே கை அரித்தது.

வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி கீழே கை விடாதீர்கள்) சக்கரத்தைக் கழற்றினேன். ஷாக் அப்சார்பர் பக்கமாக ஏறும் சென்சார் ஒயரில் கட்டை விரல் நீளத்துக்கு மேல் தோலே இல்லை. உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. ஓரத்தில் சின்னச் சின்னப் பல் தடம். நாங்கள் வண்டி நிறுத்துவது மாமரத்தடியில். பழ சீசனில் எலிக்குக் கல்யாணச் சாப்பாடு, சீசன் முடிந்ததும் என் வண்டி.

ஒயரும் சென்சாரும் ஒரே துண்டாக வருவது. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் நண்பர் மூலம் 1,450 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரே ஒரு போல்ட். ஆனால் பழைய சென்சார் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதில் ஒரு மணி நேரம் போனது. மாட்டி, கோடை அழித்து, தெருமுனை தாண்டுவதற்குள் விளக்கு அணைந்தது.

எதிர் வீட்டுக்காரர் ஸ்கோடா வைத்திருக்கிறார். நானும் இதையே வாங்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஃபோக்ஸ்வேகன், ஆடி, ஸ்கோடாவுக்கு விசிடிஎஸ், ஓபிடி லெவன் என்று தனிக் கருவிகள் இருக்கின்றன. ஃபோர்ஸ்கேன் அங்கே வாய் திறக்காது. சில கம்பெனிகளுக்கு வீட்டில் வைத்துக்கொள்கிற மாதிரி நல்ல தனிக்கருவி கிடைப்பதே கஷ்டம். அவர்கள் பொது டாங்கிளோடு நிறுத்திக்கொண்டு, ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குக்குப் பல கம்பெனி ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் போய், கோடைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. டீலர் மென்பொருளின் திருட்டு நகலை சிடியில் விற்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். படிப்பது வேறு, மாட்யூலுக்குள் எழுதுவது வேறு. பாதியில் அறுந்தால் மாட்யூல் செத்துவிடும். என் மென்பொருளிலும் எழுதும் வசதி இருக்கிறது, இதுவரை தொட்டதில்லை. ஏர்பேக் ஒயரில் மீட்டர் வைப்பதும் எனக்கு வேண்டாத வேலை.

மாமரத்தடியில் இப்போது வண்டி நிறுத்துவதில்லை. 480 ரூபாய் டாங்கிளை மச்சான் "ரெண்டு நாள்ல தர்றேன்" என்று எடுத்துக்கொண்டு போனார். நான்கு மாதமாகிறது. பாலக்கோட்டில் அவர் தெருவில் பாதிப் பேர் வண்டிக்கு அதுதான் டாக்டராம்.