11 ஜன்னல்ல 5 தான் மாத்தினோம்

எங்க வீட்டு ஜன்னல் எல்லாம் மாமனார் வீடு கட்டினப்ப போட்டது. மரச்சட்டம், ரெண்டு கதவு வெளிப்பக்கமா தொறக்கும், கம்பி அந்த சட்டத்துலயே பதிச்சிருக்கும். மொத்தம் 11. மழை பேஞ்சா மாடியில மேற்கு ரூம் ஜன்னல்ல பழைய துண்டு ஒண்ணு சுருட்டி வைக்கணும், அது எங்க வீட்ல யாருமே யோசிக்காம பண்ற வேலை ஆயிடுச்சு, மேகம் கருத்தா துண்டு. ஒரு நாள் ராத்திரி துண்டு வைக்க மறந்து, கீழ இருந்த புக் ஷெல்ஃபோட அடித்தட்டு முழுக்க நனைஞ்சு போச்சு. அன்னிக்கே வீட்டுக்காரர் சொல்லிட்டாரு, போதும், எல்லாத்தையும் கழட்டிட்டு யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் சட்டம்) போட்டுடலாம்னு.

ரெண்டு கம்பெனில இருந்து ஆள் வந்து பாத்தாங்க. முதல்ல வந்தவரு பத்து நிமிஷத்துல வீட்டைச் சுத்தி வந்து, "மேடம், 11-ம் போயிடுச்சு, மொத்தமா பண்ணா ரேட் குறைச்சுத் தர்றேன்"னாரு. ஒரு ஜன்னலைக் கூட தொறந்து மூடிப் பாக்கல. எனக்கு அங்கயே சுருக்குன்னு ஆச்சு. வீட்டுக்காரர் கிட்ட ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் டைம் கேட்டேன், எந்த ஜன்னலுக்கு என்ன வியாதின்னு நோட்டுல எழுதறேன், அப்புறம் முடிவு பண்ணலாம்னு. சிரிச்சாரு, ஆனா சரின்னுட்டாரு.

முதல் வேலை ஸ்க்ரூடிரைவர் டெஸ்ட். எங்க ஆசாரி சொல்லிக் கொடுத்தது. மரம் பொதுவா கீழ் மூலையிலதான் முதல்ல கெடும், தண்ணி அங்கதான் வந்து நிக்குது, ரெண்டு கட்டையோட இணைப்பும் அங்கதான். ஸ்க்ரூடிரைவர் முனையை வெச்சு அழுத்தினா, நல்ல மரம்னா லேசா தடம் விழும், அவ்வளவுதான். பின்பக்கம் இருக்கிற மூணு ஜன்னல்ல அழுத்தினப்ப கேக்ல கத்தி இறங்கற மாதிரி அரை இன்ச் உள்ள போச்சு. மேல பெயின்ட் மட்டும் பளபளன்னு இருக்கு, உள்ள மாவு. ஒண்ணுல கரையான் மண்ணும் இருந்துச்சு. காரணமும் அப்பதான் புரிஞ்சுது, அந்த மூணுக்கும் மேல சன்ஷேடே கிடையாது, மழையும் வெயிலும் நேரா அடிக்குது. அதுல யோசிக்க ஒண்ணுமில்ல, மாத்தித்தான் ஆகணும். மத்த எட்டுலயும் ஸ்க்ரூடிரைவர் இறங்கவே இல்ல. "இந்த மாதிரி மரம் இப்ப தேடினாலும் கிடைக்காதும்மா, கழட்டிப் போடாதீங்க"ன்னு ஆசாரி கெஞ்சாத குறை.

(பழைய பெயின்டை சுரண்டறவங்க ஒண்ணு கவனிங்க. ரொம்ப பழைய பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ஞ்ச பெயின்ட்ல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு தூசி பறக்க விடக்கூடாது, நனைச்சு சுரண்டணும், குழந்தைங்க அந்தப் பக்கமே வரக்கூடாது.)

இப்ப அந்த துண்டு ஜன்னலுக்கு வர்றேன். கதையே அதுதான். ஸ்க்ரூடிரைவர்ல பாஸ், கதவு நல்லா மூடுது, கண்ணாடி ஓரத்துல லப்பம் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் எப்படி தண்ணி வருது? ரெண்டு வருஷமா மூணு தடவை சிலிகான் அடிச்சாச்சு. ஆசாரி பாத்துட்டு, "ஜன்னல் மேல தப்பு இருக்கும்னு தோணலம்மா, ட்யூப் போட்டுப் பாருங்க"ன்னாரு. ட்யூப்னா தோட்டத்துக்கு தண்ணி விடற ட்யூப்தான். ஆனா அதை அடிக்கறதுலயும் ஒரு முறை இருக்கு. கீழ இருந்து மேல போகணும். மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி வழிஞ்சு எல்லா இடத்தையும் நனைச்சிடும், எதுல இருந்து உள்ள வந்துச்சுன்னே தெரியாது.

ஒரு ஞாயித்துக்கிழமை. வீட்டுக்காரர் வெளிய ஏணியில ட்யூபோட, நான் உள்ள டார்ச்சோட. முதல்ல ஜன்னல் திண்டும் சுவரும் சேர்ற இடம், பத்து நிமிஷம். ஒண்ணுமில்ல. அடுத்து ரெண்டு பக்க ஓரம், பக்கத்துக்குப் பத்து நிமிஷம். ஒண்ணுமில்ல. கண்ணாடி, கதவு நடுவுல சேர்ற இடம், லேசா ரெண்டு சொட்டு வந்துச்சு, துண்டு வைக்கற அளவுக்கெல்லாம் இல்ல. சட்டத்தோட மேல் ஓரம், ம்ஹும். அதுக்குள்ள அவருக்கு கை வலி, "போதும்டி, கம்பெனிக்காரனையே கூப்பிடு"ன்னு கத்தறாரு. கடைசியா சன்ஷேடுக்கும் மேல, சுவத்துல அடிங்கன்னேன். ஜன்னலுக்கு சம்பந்தமே இல்லாத இடம். ஏழெட்டு நிமிஷம் ஆயிருக்கும், சட்டத்தோட மேல் மூலையில ஒரு ஈரக்கறை மெதுவா விரிஞ்சுது, அப்புறம் டொக், டொக்குன்னு சொட்டு. சன்ஷேடு சுவரோட சேர்ற இடத்துல மயிரிழை விரிசல். தண்ணி அங்க உள்ள இறங்கி, சுவத்துக்குள்ளயே வந்து, ஜன்னல் சட்டத்து மேல இறங்கியிருக்கு. நாங்க 3 தடவை சிலிகான் அடிச்சது எல்லாம் வியாதி கால்ல இருக்க தலைக்கு தைலம் தேய்ச்ச கதை.

கொத்தனார் வந்து அந்த விரிசலை கொத்தி அகலமாக்கி, பாலிமர் கலந்த கலவை போட்டு அடைச்சு, மேல வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் கொடுத்தாரு. அப்படியே திண்டுக்கு அடியில ஒரு வேலை பண்ணாரு. திண்டு வெளிய நீட்டிட்டு இருக்கிற ஓரத்துக்கு அடியில நீளமா ஒரு கோடு மாதிரி பள்ளம் இருக்கணுமாம், வழியற தண்ணி அந்த இடத்துல அறுந்து கீழ சொட்டிடும், சுவத்துப் பக்கம் ஓடி வராது. எங்க வீட்ல அந்த பள்ளம் இருந்திருக்கு, ஒவ்வொரு தடவையும் பெயின்டும் பட்டியும் பூசிப் பூசி மூடிடுச்சு! அதை சுரண்டி எடுத்தாரு. துண்டு இப்ப ஸ்கூட்டி தொடைக்க. அன்னைக்கே 11-ம் மாத்தியிருந்தா புது யுபிவிசி மேல அதே தண்ணி சொட்டியிருக்கும், கம்பெனிக்காரனும் நாங்களும் மாத்தி மாத்தி சண்டை போட்டிருப்போம்.

மிச்சத்துல நாலு ஜன்னலுக்கு பேப்பர் டெஸ்ட். கதவு இடுக்குல ஒரு துண்டு பேப்பரை வெச்சு மூடி இழுங்க. இறுக்கமா பிடிச்சா நல்லது, வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல காத்து போகுது. எங்களுக்கு பாதி இடத்துல வழுக்கிட்டு வந்துச்சு. கீல் தேய்ஞ்சு கதவு தொங்கிப் போனதுதான் காரணம். புது கீல், கொஞ்சம் இழைப்பு, ஓரத்துல ரப்பர் பட்டை. ஒரே நாள் வேலை.

வெயில் விஷயத்துல நானே ஏமாந்திருப்பேன். மேற்கு ரூம் சாயங்காலம் அடுப்பு மாதிரி இருக்கும், டபுள் கண்ணாடி போட்டா சரியாயிடும்னு நினைச்சேன். படிச்சுப் பாத்தா ரெண்டும் வேற வேற. கண்ணாடி வழியா வெப்பம் கடத்தறதை யு வேல்யூன்னு சொல்றாங்க, எண் குறையக் குறைய நல்லது. ஒத்தைக் கண்ணாடிக்கு 5.7 பக்கம், சாதாரண டபுளுக்கு 2.8 பக்கம், லோ-இ கோட்டிங்கும் (வெப்பத்தைத் திருப்பி அனுப்பற மெல்லிய பூச்சு) நடுவுல ஆர்கான் வாயுவும் சேர்ந்தா 1.2 மாதிரி இறங்கும். வெளிய குளிர் நடுக்கற இடத்துல இருக்கவங்களுக்கு, நாள் முழுக்க ஏசி ஓடற வீட்டுக்கு, இந்த எண் ரொம்ப முக்கியம். ஆனா நேரா விழற வெயில் இருக்கே, அதை சாதாரண டபுள் கண்ணாடி பெருசா தடுக்காது, பாதிக்கு மேல உள்ள விட்டுடும். அதைத் தடுக்க கண்ணாடியில வெயிலுக்குன்னே வர்ற கோட்டிங் வேணும், இல்ல ஜன்னலுக்கு வெளியவே நிழல் வேணும். உள்ள திரை போட்டா வெயில் வீட்டுக்குள்ள வந்தாச்சு, திரைதான் சூடாகும், அந்த சூடு ரூமுக்குத்தான். நாங்க வெளிப்பக்கம் சுருட்டி இறக்கற மறைப்பு ஒண்ணு மாட்டினோம், ஜன்னல் அப்படியே இருக்கு.

அந்த ஜன்னல்ல இன்னொரு சந்தோஷம், பழைய கண்ணாடி, அதுல பாத்தா வெளிய மரம் லேசா நெளியும். கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமா கீழ வழிஞ்சு அப்படி ஆகுதுன்னு வீட்டுக்காரர் அடிச்சு சொல்வாரு. அதெல்லாம் இல்ல, உருகின கண்ணாடியை ஷீட்டா இழுத்து செய்யற பழைய முறையில அப்படித்தான் வரும். உருகின வெள்ளீயத்து மேல கண்ணாடியை மிதக்க விட்டு மட்டமா எடுக்கற முறையை 1959-ல பில்கிங்டன் கம்பெனி அறிவிச்சதுக்கு அப்புறம்தான் நெளிவே இல்லாத கண்ணாடி சல்லிசா வர ஆரம்பிச்சுது.

அப்ப மாத்தறதுன்னு முடிவானது அஞ்சு. பின்பக்கம் மூணு, ரோட்டைப் பாத்த பெட்ரூம் ஒண்ணு சத்தத்துக்காக, ஹால் ஜன்னல் ஒண்ணு, ஏன்னா அது வெளிய தொறந்தா சந்துல நடக்கறவங்க தலையில இடிக்குது, மாமியார் ரெண்டு தடவை நெத்தியில வாங்கியிருக்காங்க.

ஹாலுக்கு ஸ்லைடிங், மத்ததுக்கு கதவு மாதிரி தொறக்கற கேஸ்மென்ட். ரெண்டு கதவு ஸ்லைடிங்ல பாதிதான் தொறக்கும், காத்தும் பாதிதான், அதோட கேஸ்மென்ட் அளவுக்கு இறுக்கமா மூடாது, பிரஷ் மாதிரி நாடாதான் தடுப்பு. கேஸ்மென்ட் சுத்தி ரப்பர்ல போய் அழுந்தும். சத்தத்துக்கு அதுதான் விஷயம், காத்து போற இடுக்கு வழியா சத்தமும் போகும், எவ்வளவு தடிமன் கண்ணாடி போட்டாலும். பெட்ரூமுக்கு ரெண்டு கண்ணாடி நடுவுல பிளாஸ்டிக் படலம் ஒட்டின லேமினேட்டட் போட்டோம். ஹாரன் இன்னும் கேக்குது, பொய் சொல்லல, ஆனா இப்ப அது தெரு முனையில அடிக்கற மாதிரி.

அலுமினியம் வேண்டாம்னு விட்டதுக்கு காரணம் வெப்பம், யுபிவிசியை விட சுமார் ஆயிரம் மடங்கு கடத்தும், நடுவுல தெர்மல் பிரேக் (வெப்பத்தைத் தடுக்கற துண்டு) இருக்கற செக்ஷன்னா பரவாயில்ல, எங்களுக்கு கிடைச்ச கொட்டேஷன்ல அது இல்ல. யுபிவிசில பாக்க வேண்டியது உள்ள இரும்பு இருக்கான்னு. பிளாஸ்டிக் தனியா வளையும், குழாய்க்குள்ள துத்தநாகம் பூசின இரும்பு வெச்சாதான் நிக்கும். ஒருத்தர் சாம்பிள் மேல, பழைய ஸ்பீக்கர்ல கழட்டின காந்தத்தை வெச்சேன், கீழ விழுந்துச்சு. அந்த கொட்டேஷனும் அதோட விழுந்துச்சு.

பழைய சட்டத்தை விட்டுட்டு அதுக்குள்ளயே புதுசு பொருத்தலாம், சுவர் உடையாது, ஆனா நாலு பக்கமும் கண்ணாடி சுருங்கும், உளுத்த கட்டை மேல புதுசு உக்காரும். அதனால முழுசா பேத்தோம். கம்பியும் சட்டத்தோட போயிடும்ங்கறது பாதி பேருக்கு கடைசி நாள்தான் தெரியும். புது கிரில் முன்னாடியே அடிச்சு வெச்சுக்கோங்க, இல்லன்னா ராத்திரி தொறந்த ஓட்டையோட தூங்கணும்.

அளவு. அகலம் மூணு இடத்துல, உயரம் மூணு இடத்துல, அப்புறம் மூலைக்கு மூலை ரெண்டு குறுக்களவு. அகலத்துலயும் உயரத்துலயும் இருக்கறதுலயே சின்ன அளவை எடுத்து அதுல இருந்து இடைவெளிக்கு கொஞ்சம் கழிக்கணும். அளவெடுக்க வந்த தம்பி குறுக்களவு எடுக்கல, நான் கேட்டேன், "அது தேவையில்லக்கா"ன்னான். எடுக்க வெச்சேன். ஒண்ணுல 14 மில்லிமீட்டர் வித்தியாசம், ஓட்டை சதுரமாவே இல்ல. டஃபன்ட் கண்ணாடி (சூடாக்கி பலப்படுத்தினது) ஒரு தடவை செஞ்சா வெட்டவே முடியாது, தப்பான அளவுன்னா புதுசுதான்.

மாட்டற அன்னைக்கு பக்கத்துலயே நில்லுங்க. பெட்ரூம்ல இடைவெளிக்கு ஃபோமை தாராளமா அடிச்சுட்டான், அது பொங்கி சட்டத்தையே உள்ள தள்ளிடுச்சு, மறுநாள் கதவு உரசுது. வெட்டி எடுத்து, கட்டை முட்டு கொடுத்து, ரசமட்டம் வெச்சு மறுபடி பண்ணாங்க. சிலிகான்ல வினிகர் வாசம் அடிச்சா சிமென்ட் ஓரத்துக்கு வேண்டாம்னு சொல்லுங்க, அது ஆசிட் வகை, நியூட்ரல்னு போட்டது கேளுங்க.

எல்லாம் முடிஞ்சு முதல் பெருமழை. ஹால் ஸ்லைடிங் ட்ராக்ல தண்ணி தொட்டி மாதிரி ரொம்பி சோபா மேல வழியுது. எனக்கு அழுகையே வந்துச்சு. போன் பண்ணா "ரெண்டு நாள்ல ஆள் அனுப்பறோம்". டார்ச் எடுத்துட்டு வெளிய போய் கீழ் சட்டத்தைப் பாத்தேன். ஸ்லைடிங் ட்ராக்ல தண்ணி வர்றது சகஜம், அது வெளியேறத்தான் வெளிப்பக்கம் சின்ன சின்ன துளை வெட்டியிருப்பாங்க. அந்த ரெண்டு துளையையும் நம்ம ஆளு அழகா, விரலால தடவி விட்டு, சிலிகான் வெச்சு அடைச்சிருக்கான். பிளேடால கீறினேன், குழாய் தொறந்த மாதிரி தண்ணி என் காலு மேல கொட்டுச்சு.

11-வது, படிக்கட்டு ஜன்னல். அதை மாத்தவும் இல்ல, ரிப்பேரும் பண்ணல, ஒரு கீல் மட்டும் போடணும். ஆசாரி நாளைக்கு வர்றேங்கறாரு, மூணு மாசமா.