எடை எழுதப்படாத பாண்டா வெள்ளி நாணயம்: நீரில் நிறுத்துப் பார்த்தது

சீனாவின் பாண்டா வெள்ளி நாணயங்களை ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்த்து வரும் எனக்கு, 2015ஆம் ஆண்டு நாணயம் கைக்கு வந்த அன்று மகிழ்ச்சியைவிடக் கலக்கமே மிகுந்திருந்தது. ஒருபுறம் பெய்ஜிங்கின் விண்ணகக் கோயிலும் ஆண்டும், மறுபுறம் பாண்டாவும் 10 யுவான் மதிப்பும் வழக்கம்போல் இருந்தன. ஆனால் முந்தைய ஆண்டுகளில் பாண்டாவின் பக்கத்தில் காணப்படும் ஒரு அவுன்ஸ் (உலோகங்களுக்கான டிராய் அவுன்ஸ், சுமார் 31.1 கிராம்) என்ற எடைக் குறிப்பும், 999 (ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி) என்ற தூய்மைக் குறிப்பும் இல்லை. அந்த ஓர் ஆண்டு மட்டும் அவை இல்லாமலேயே வெளியிடப்பட்டன என்பதையும், 2016 முதல் எடை 30 கிராமாக மாற்றப்பட்டு எழுத்துகள் மீண்டும் வந்தன என்பதையும் நான் அறிந்திருந்தேன். ஆயினும் போலிகள் மலிந்த தொடர் இது என்பதால், நானே சோதிக்க முடிவு செய்தேன்.

0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசில் நாணயம் 31.12 கிராம் காட்டியது. பிறகு பாதி நீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரைத் தராசில் வைத்து, காட்டிய எடையைப் பூஜ்யமாக்கி, தையல் நூலில் கட்டிய நாணயத்தை அடியையோ சுவரையோ தொடாதபடி முழுவதும் மூழ்கவிட்டேன். இப்போது தராசு காட்டும் எண், நாணயம் விலக்கிய நீரின் எடையாகும். முதல் முறை 3.09 வந்தது, கணக்கிட்டால் அடர்த்தி 10.07 மட்டுமே. உற்றுப் பார்த்தபோது, விளிம்பின் வரிப்பள்ளங்களில் கடுகளவுக்கும் சிறிய காற்றுக் குமிழ்கள் ஒட்டியிருந்தன. கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில், சாய்வாக மெல்ல இறக்கியதும் 2.97 வந்தது. 31.12ஐ 2.97ஆல் வகுத்தால் 10.48, தூய வெள்ளியின் அடர்த்தி 10.49.

ஒப்பிடுவதற்காக, முன்பு ஒருவரிடம் நம்பி வாங்கிய வேறோர் ஆண்டு நாணயத்தையும் மூழ்கவிட்டேன். எடை 31.05 கிராம் இருந்தும், விலக்கிய நீர் 3.58 கிராம், அடர்த்தி 8.67, அதாவது செம்பு கலந்த உலோகத்தின் மேல் வெள்ளிப் பூச்சு. எடையைச் சரிக்கட்ட அதைத் தடிமனாகச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாணய உறை அதன்மேல் இறுக்கமாக மூடியது என்பது அப்போதுதான் புரிந்தது. அதைத் தொகுப்பிலிருந்து எடுத்து, பிறர் கைக்குப் போய்விடாதபடி "போலி" என்று எழுதித் தனியே வைத்துள்ளேன்.

நனைந்த 2015 நாணயத்தைத் துடைக்கவில்லை; வெள்ளியின் பளபளப்பில் துணி பட்டாலே மெல்லிய கீறல் விழும். காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை முக்கி, விளிம்பைப் பிடித்து, பஞ்சுத்தாளில் வைத்து உலரவிட்டேன். அடுத்து, ஒரே பாண்டா உருவத்தைப் பகிர்ந்துகொண்ட 2001, 2002 நாணயங்களைச் சோதிக்க வேண்டும்.