பச்சை பூத்த ஊசி

நான்கு நாட்களாக என் அமெச்சூர் வானொலி நிலையத்தில், 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையில் நிலையலை விகிதம் 3-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு இது; 1 தான் மிகச் சிறந்தது. செங்குத்து ஆண்டெனாவின் அடியில் உள்ள, ஆண்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தித் தரும் ட்யூனர் பெட்டிக்குள் ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தன. முதலில் ஆண்டெனாவின் அடியிலிருந்து பரப்பிய தரைக் கம்பிகளைச் சந்தேகித்தேன்; பாவம், பதினாறும் நன்றாகவே இருந்தன.

ட்யூனருக்கான மின்சாரமும், ரேடியோ சிக்னலைக் கொண்டுபோகும் கோஆக்சியல் கேபிள் வழியாகத்தான் போகிறது. கேபிளைக் கழற்றி அளந்தபோது முனையில் 13.8 வோல்ட். ட்யூனர் இயங்கும்போது பெட்டியைத் திறந்து அளந்தேன்: வெறும் 9! சுமையில்லாமல், அதாவது ட்யூனர் மின்சாரம் இழுக்காதபோது, அளந்த அளவை நம்பியதில் இரண்டு நாட்கள் வீணாயின.

கேபிள் முனையில் இருந்த கனெக்டரைத் திருகிப் பிரித்ததும் ஒரு சொட்டு மழைநீர் உள்ளங்கையில் விழுந்தது. நடு ஊசி முழுக்கப் பச்சை பூத்திருந்தது. புதிய கனெக்டரைப் பற்றவைத்து, ரப்பர் நாடாவை இறுக்கிச் சுற்றினேன். இப்போது விகிதம் 1.3.

இன்றிரவு 7 மெகாஹெர்ட்ஸில் இருப்பேன். நண்பர்களே, அழையுங்கள்!